கருவாக்கம்: ஒரு சொல்லும் அதன் சரித்திரமும்

கற்கண்டுக் கட்டி ஒன்றை உடைத்துப் பார்த்தால் அதன் நடுவே நூல் ஒன்று ஓடியிருப்பதைக் காணலாம். தென்பாண்டிச் சீமையில் பனங்கற்கண்டு காய்ச்சுவோரும், வங்காளத்தில் தால்மிச்ரி செய்வோரும் இந்த நூலின் உபயோகத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். பதநீரைத் தக்க பதத்துக்குக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் நாட்கணக்கில் விட்டுவைப்பார்கள். பாகு முழுவதிலும் சர்க்கரை நிறைந்திருந்தாலும், கற்கண்டு முதன்முதலில் பற்றிக்கொள்வது அந்த நூலைத்தான். நூலில் இனிப்பு அணுவளவும் இல்லை. இனிப்பெல்லாம் பாகில்தான் இருந்தது. ஆயினும், தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கும்வரை அந்த இனிப்பு கட்டியாகத் திரளாமல் காத்துக்கொண்டிருந்தது.

ஒரு பொருள் தன் நிலை மாறும்போது, புதிய நிலையின் முதல் துணுக்கு இவ்வாறு ஓரிடத்தில் தோன்றுவதை மேனாட்டு விஞ்ஞானிகள் ‘நியூக்ளியேஷன்’ என்று வழங்குவர். தமிழில் அதனைக் கருவாக்கம் என்கிறோம். நீராவி மேகத்துளியாவது, தண்ணீர் பனிக்கட்டியாவது, உருக்கிய உலோகம் உறைவது, சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் எழுவது ஆகிய எல்லாமே இந்நிகழ்ச்சியுடன்தான் தொடங்குகின்றன. சர்க்கரை ஆலையில் பாகினுள் நுண்ணிய சர்க்கரைத் தூளை இட்டுப் பருக்கைகளை வளர்ப்பதும் இதனை அறிந்தே செய்யப்படுவது. ஆனால் ஒன்றை இங்கே பிரித்துணர வேண்டும். பாலுக்கு உறைமோர் ஊற்றுவது கருவாக்கம் அன்று. மோரிலுள்ள நுண்ணுயிர்கள் தாமே பெருகிப் பாலைத் தயிராக்குகின்றன. கற்கண்டின் நூலோ பெருகுவதில்லை, எதையும் ஆக்குவதுமில்லை. அது பிறிதொன்று பற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது, அவ்வளவே. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இச்சொல்லின் சரித்திரமும் அதனை ஒட்டி நம் நாட்டில் எழுந்த நம்பிக்கைகளும் தெளிவாக விளங்கும்.

‘நியூக்ளியஸ்’ என்பது இலத்தீன் சொல். அம்மொழியில் ‘நுக்ஸ்’ என்றால் கொட்டை. நியூக்ளியஸ் என்றால் அக்கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. உள்ளே பொதிந்திருப்பது என்பதே இதன் முதற்பொருள். வானநூலார் வால் நட்சத்திரத்தின் தலையில் விளங்கும் நடுப்பகுதிக்கு இப்பெயரைச் சூட்டினர். 1831-ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் என்னும் தாவர அறிஞர், ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களுக்குள் உருண்டையான ஒரு பகுதி இருப்பதைக் குறிப்பிட்டு, அதற்கும் இதே பெயரைத் தந்தார். 1911-இல் ரதர்போர்டு, அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும் அதன் நடுவே மிகச் சிறிய இடத்தில் செறிந்துள்ளது என்று காட்டினார். அடுத்த ஆண்டிலேயே அந்த நடுப்பகுதியும் நியூக்ளியஸ் ஆயிற்று. இவை மூன்றிலும் இடம்தான் முக்கியம். எது உள்ளே இருக்கிறதோ அது பருப்பு. ஆனால் மேகத்தையும் பனியையும் ஆராய்ந்தவர்கள் இச்சொல்லைக் கையாண்டபோது, பொருள் மெல்ல இடம் பெயர்ந்தது. உள்ளே இருப்பது என்பது போய், எதிலிருந்து தொடங்குகிறதோ அது என்றாயிற்று.

இந்திய மொழிகள் இச்சொல்லை எதிர்கொண்ட விதம் சுவையானது. இந்தி மொழியினர் அணுவின் நடுப்பகுதியை ‘நாபிக்’ என்றும், உயிரணுவின் நடுப்பகுதியை ‘கேந்திரக்’ என்றும் பிரித்தனர். முன்னது நாபியிலிருந்து வந்தது. பின்னது கேந்திரத்திலிருந்து வந்தது. தெலுங்கர் ‘கேந்திரகம்’ என்றனர். மலையாளிகள் உயிரணுவின் நடுப்பகுதியைக் ‘கோசமர்மம்’ என்றனர். நாபி, கேந்திரம் ஆகிய இரண்டும் இடத்தையே குறிப்பவை. தமிழ் மட்டும் ‘கரு’ என்னும் சொல்லைத் தேர்ந்தது. அணுக்கரு, உட்கரு, கருவாக்கம் என்று மூன்று துறைகளிலும் அதுவே அடிச்சொல்லாயிற்று. கரு என்பது உள்ளே இருப்பதையும் குறிக்கும். ஒன்றின் தொடக்கத்தையும் குறிக்கும். கதைக்குக் கரு உண்டு. முட்டைக்குக் கரு உண்டு. வானம் இருண்டு வந்தால் மேகம் கருக்கொண்டது என்று சொல்வதும் நம் வழக்கம். எனவே இலத்தீன் சொல் இருநூறு ஆண்டுகளில் நடந்துவந்த தூரத்தைத் தமிழ்ச் சொல் முன்னமே தன்னுள் அடக்கியிருந்தது எனலாம். அதனால் விளையக்கூடிய ஒரு மயக்கமும் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

இனி, இச்சொல் குறிக்கும் நிகழ்ச்சி எவ்வாறு கண்டறியப்பட்டது என்று பார்ப்போம். வெப்பமானியால் பெயர் பெற்ற ஃபாரன்ஹீட், கொதிக்கவைத்த நீரைக் காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவையில் அடைத்துக் கடுங்குளிரில் வைத்தார். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பின்பும் அது நீராகவே இருந்தது. குடுவையைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் நீரில் பனித் துணுக்குகள் பரவின. 1724-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் இச்செய்தி வெளியாயிற்று. பூஜ்யம் பாகையில் நீர் உறையும் என்று நாம் பள்ளியிற் படித்தது முழு உண்மையன்று என்பதற்கு இது முதற் சான்று. மிகத் தூய நுண்துளிகளை ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கீழே 38 செண்டிகிரேடு பாகைவரை உறையாமலே குளிர்விக்க முடியும் என்பது இன்று தெளிவாகிவிட்டது.

உறைய வேண்டிய நீர் உறையாமல் நிற்பானேன்? இதற்குரிய காரணத்தை அமெரிக்கப் பேரறிஞர் கிப்ஸ், 1876 முதல் 1878 வரை வெளியான தம் நீண்ட ஆராய்ச்சியில் கணித முறையில் நிறுவினார். அவர் தத்துவத்தை நம் நாட்டு உவமையால் விளக்கலாம். ஒருவன் புதிதாகத் தோட்டம் போடுகிறான். விளைச்சல் நிலத்தின் பரப்பைப் பொறுத்தது. வேலிச் செலவோ சுற்றளவைப் பொறுத்தது. இரண்டு முழ நிலத்துக்கு நாற்புறமும் வேலி கட்டினால் வேலியே விளைச்சலை விழுங்கிவிடும். நிலம் ஓரளவுக்கு மேல் பெரிதானால்தான் ஆதாயம் மிஞ்சும். புதிதாகத் தோன்றும் நீர்த்துளிக்கும் இதே கணக்குத்தான். துளியின் உட்பகுதி சேரச்சேர ஆதாயம். அதன் மேற்பரப்பு விரியவிரியச் செலவு. ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை துளி தோன்றுவதும் கலைவதுமாகவே இருக்கும்; அந்த அளவைக் கடந்துவிட்டால் பின்பு தடையின்றி வளரும். இக்கருத்தைக் கொண்டு, ஒரு நொடியில் எத்தனை துளிகள் தோன்றும் என்று கணக்கிடும் வழியை 1926-இல் ஜெர்மானிய அறிஞர்களாகிய ஃபோல்மரும் வெபரும் வகுத்தனர்.

இங்கேதான் தூசியின் மகிமை புலனாகிறது. ஏற்கெனவே எழுப்பிய மதிற்சுவர் ஒன்றை ஒட்டித் தோட்டம் போடுபவனுக்கு ஒரு பக்கத்து வேலி மிச்சம் அல்லவா? மிதக்கும் தூசி, கடலுப்பின் துகள், பாத்திரத்தின் கீறல், பாகில் தொங்கும் நூல் ஆகியவையெல்லாம் அத்தகைய மதிற்சுவர்களே. அந்நியப் பொருளின்மேல் நிகழும் கருவாக்கம் எளிது. எதன் துணையுமின்றித் தானே நிகழும் கருவாக்கம் மிக அரிது. நாம் காணும் உலகில் பெரும்பாலும் முன்னதே நிகழ்கிறது.

1875-இல் கூலியே என்னும் பிரெஞ்சு அறிஞர், ஈரக்காற்று அடைத்த கண்ணாடிக் குடுவையில் காற்றைத் திடீரென விரிவடையச் செய்து உள்ளே மூடுபனி தோன்றக் கண்டார். அதே காற்றைப் பஞ்சினால் வடிகட்டிவிட்டால் மூடுபனி தோன்றவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கின் தனியே இதனைக் கண்டறிந்து, தூசி இல்லையேல் மூடுபனியும் இல்லை, மேகமும் இல்லை என்று அறிவித்தார். காற்றிலுள்ள தூசியை எண்ணும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். இன்றும் மிக நுண்ணிய துகள்களுக்கு எய்ட்கின் கருக்கள் என்ற பெயர் வழங்குகிறது.

அடுத்து வந்தவர் சி. டி. ஆர். வில்ஸன். 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்காத்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியிலுள்ள வான்நிலை ஆய்வு நிலையத்தில் சில வாரங்கள் பணிபுரிந்தபோது, மேகங்களின்மேல் கதிரவன் தோற்றுவித்த வண்ண வளையங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றைச் சோதனைச் சாலையில் உண்டாக்கிப் பார்க்க விரும்பிக் கேம்பிரிட்ஜ் திரும்பினார். தூசியை முற்றிலும் நீக்கிய காற்றிலும், நீராவி வழக்கமான நிறைநிலையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுந்தால் சில துளிகள் தோன்றுவதைக் கண்டார். மின்னேற்றம் பெற்ற துகள்களே அத்துளிகளுக்குக் கருவாயின. இதிலிருந்து பிறந்ததே மேக அறை என்னும் கருவி. அதனுள்ளே பாயும் ஒரு துகள் தன் வழியெங்கும் காற்றில் மின்னேற்றத்தை விட்டுச் செல்கிறது. அவ்வழியே துளிகள் படிந்து வெண்மையான கோடு தோன்றுகிறது. 1911-இல் வில்ஸன் அக்கோடுகளைப் படம் பிடித்தார். 1927-இல் நோபல் பரிசு பெற்றார்.

சொல்லின் சரித்திரத்தில் ஓர் அழகிய சந்திப்பு இங்கே நேர்ந்தது. பிளாக்கெட் என்னும் ஆங்கில விஞ்ஞானி மேக அறையில் ஏறத்தாழ 23,000 படங்கள் எடுத்தார். அவற்றிற் பதிந்த நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கோடுகளுள் எட்டு மட்டும் புதிய முறையில் கவைத்துப் பிரிந்திருந்தன. நைட்ரஜன் அணுவின் கரு வேறொரு தனிமத்தின் கருவாக மாறியதற்கு அவை கண்கண்ட சான்று. 1925-இல் அவர் அதனை வெளியிட்டார். மேகத்துளியின் கருவாக்கம் அணுவின் கருவைக் காட்டிக் கொடுத்தது. ஒரே பெயர் தாங்கிய இருவேறு பொருள்கள் ஒரே கண்ணாடி அறைக்குள் சந்தித்தன.

கருவாக்கம் என்னும் சொல் சோதனைச் சாலையை விட்டு உழவனின் வயலுக்கு வந்தது மழையின் வழியாகத்தான். மேகத்துளி வேறு, மழைத்துளி வேறு. சாதாரண மழைத்துளி ஒன்று உருவாக ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். குளிர்ந்த மேகங்களில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஜெர்மானியரான வெகனர் 1911-இல் குறிப்பாகச் சொன்னார். சுவீடன் நாட்டுப் பெர்கெரான் 1933-இல் விரிவாக விளக்கினார். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத துளிகளின் நடுவே சில பனித் துணுக்குகள் தோன்றிவிட்டால், அவை சுற்றிலுமுள்ள ஈரத்தைத் தம்பால் ஈர்த்து விரைவில் பருத்துக் கீழே விழும். வழியில் உருகி மழையாகும்.

அப்படியானால் பனிக்கருவை நாமே மேகத்துக்குக் கொடுத்தாலென்ன? 1946-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர், மூச்சுக் காற்றின் ஈரம் நிறைந்த குளிர்பெட்டி ஒன்றினுள் உறைந்த கரியமிலவாயுத் துண்டை இட்டார். கணப்பொழுதில் பெட்டி முழுவதும் பனித் துணுக்குகள் மினுமினுத்தன. அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள் விமானத்தில் ஏறி அதனை மேகத்தின்மேலேயே தூவிப் பார்த்தார். மேகத்திலிருந்து பனி இறங்கிற்று. அதே மாதத்தில் அவருடன் பணியாற்றிய பெர்னார்ட் வானகட், பனிக்கட்டியின் உள்ளமைப்பை ஒத்த உள்ளமைப்புடைய பொருள் எது என்று அட்டவணைகளில் தேடி, வெள்ளி அயோடைடு என்னும் உப்பைக் கண்டுபிடித்தார். பனிக்கட்டி என்று எண்ணிக்கொண்டே நீர் அதன்மேல் படிந்துவிடுகிறது எனலாம்.

மழையைக் கருவோடு சேர்த்து எண்ணுவது நம் நாட்டில் மிகப் பழமையானது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் மேகங்கள் கருத்தரிக்கும் இலக்கணத்தைக் கூறி, 195 நாட்களுக்குப் பின் அக்கரு மழையாகப் பிறக்கும் என்று கணக்கிட்டார். நம் பஞ்சாங்கங்களில் மார்கழி மாதத்துக்கு எழுதும் கர்ப்போட்டமும் இம்மரபைச் சேர்ந்ததே. அதன் கணக்கை இன்றைய வான்நிலை நூல் ஏற்பதில்லை. மேகத்தின் ஆயுள் பெரும்பாலும் நாழிகைக் கணக்கில் முடிவது. ஆயினும், மழைக்கு ஒரு தொடக்கம் உண்டு, அதைக் கண்டுகொண்டால் விளைவை முன்னறியலாம் என்ற ஆவல் அதில் இருக்கிறது. அந்த ஆவலே புதிய உருவில் ஆராய்ச்சியாளரிடமும் தோன்றிற்று.

1951-இல் டாட்டா நிறுவனத்தார் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் வெள்ளி அயோடைடு புகையை எழுப்பிப் பார்த்தனர். மறு ஆண்டில் வான்நிலை ஆய்வாளர் எஸ். கே. பானர்ஜி பலூன்களைக் கொண்டு உப்பை மேலே அனுப்பிச் சோதித்தார். 1957 முதல் 1966 வரை தில்லித் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த குழுவினர், தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஆகிய இடங்களில் தரையிலிருந்தே உப்புத் துகளைக் காற்றில் செலுத்தினர். நம் பருவமழை மேகங்களுட் பல, உறைநிலையை எட்டாத வெதுவெதுப்பான மேகங்கள். அவற்றுக்குப் பனிக்கரு பயன்படாது. ஈரத்தை ஈர்க்கும் பெரிய உப்புத் துகளே ஏற்றது. அத்துகளின்மேல் பருத்த துளி மற்றத் துளிகளை மோதித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. மழை சுமார் 20 விழுக்காடு மிகுந்தது என்று அக்குழுவினர் அறிவித்தனர். வறட்சி வாட்டிய 1983-ஆம் ஆண்டிலும், 1984 முதல் 1987 வரையிலும், மறுபடி 1993, 1994 ஆண்டுகளிலும் தமிழ்நாட்டு அரசு இம்முயற்சியை மேற்கொண்டது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 2003-இல் அவ்வழியே சென்றன.

இத்தகைய முயற்சியில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. உப்பைத் தூவிய மேகம் மழை பொழிந்தால், தூவாமலிருந்தால் அது எவ்வளவு பொழிந்திருக்கும் என்று எவ்வாறு அறிவது? ஒரே மேகத்தை இருமுறை சோதிக்க இயலாதே! ஆகையால், பல மேகங்களைத் தேர்ந்து, சிலவற்றுக்குத் தூவியும் சிலவற்றுக்குத் தூவாமலும், சீட்டுக் குலுக்குவதுபோல் நிர்ணயித்து ஒப்பிட வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வான்நிலையியல் நிறுவனத்தார் இம்முறையைப் பின்பற்றிச் சோலாப்பூர்ப் பகுதியில் நடத்திய அண்மைக்கால ஆராய்ச்சியில், தக்க மேகங்களுக்குத் தூவியபோது மழை ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுந்தது என்று 2023-இல் வெளியிட்டனர். தக்க மேகங்கள் என்ற சொற்களை இங்கே அழுத்திப் படிக்க வேண்டும்.

ஏனெனில், தலைநகரத்து மக்கள் அதன் மறுபக்கத்தையும் கண்டனர். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், தில்லியின் காற்று மாசைக் கழுவும் நோக்கத்தோடு, கான்பூர் ஐ.ஐ.டி. அறிஞர்களின் துணையால் விமானத்திலிருந்து கருக்கள் தூவப்பட்டன. அன்று மேகத்தில் ஈரம் மிகக் குறைவு. குறிப்பிடத்தக்க மழை பெய்யவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பாகில்லாத பாத்திரத்தில் நூலை மட்டும் தொங்கவிட்டால் கற்கண்டு கிடைக்குமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

முன்னர்க் குறித்த மயக்கம் இதுவே. ஆங்கிலத்தில் இம்முயற்சியை மேகத்துக்கு விதைத்தல் என்பார்கள். நாமும் மேக விதைப்பு என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். விதை என்றதும் உழவன் உள்ளத்தில் விளைச்சல் தோன்றுகிறது. நெல் விதைத்தால் நெல் முளைக்கும். விதைக்குள்ளேயே பயிரின் இயல்பு பொதிந்திருக்கிறது. கரு என்றதும் பிறக்கப்போகும் குழந்தை நினைவுக்கு வருகிறது. மேகத்தின் கருவிலோ மழை இல்லை. அது மழையைப் பெறுவதில்லை. காத்திருக்கும் மழைக்குக் கதவைத் திறக்கிறது. உள்ளே ஒருவரும் இல்லாத வீட்டின் கதவைத் திறப்பதால் யாரும் வெளியே வரப்போவதில்லை.

மொழிபெயர்ப்பை ஊழியமாகக் கொண்டோர் கவனிக்க வேண்டிய பிறிதொரு செய்தியும் உண்டு. நியூக்ளியேஷன் என்பதை அணுக்கருவாக்கம் என்று எழுதுவது சிலரிடம் காணப்படும் வழக்கம். அது பெரும் பிழைக்கு இடந்தரும். விண்மீன்களின் உள்ளே அணுக்களின் கருக்கள் உருவாவதைக் குறிக்க நியூக்ளியோசிந்தெசிஸ் என்ற வேறு சொல் இருக்கிறது. அதற்கே அணுக்கருத் தொகுப்பு என்ற பெயர் பொருந்தும். மேகத்தில் அணுக்கருவாக்கம் செய்யப்படும் என்று ஓர் அறிவிப்பு வெளியானால், வானத்தில் அணுகுண்டுச் சோதனை நடக்கப்போகிறதோ என்று சிற்றூர்வாசி ஒருவர் அஞ்சினால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கருவாக்கம் என்றோ, இன்னும் தெளிவு வேண்டுமிடத்தில் மேகக் கருவாக்கம், பனிக் கருவாக்கம் என்றோ எழுதிவிட்டால் அச்சமும் இல்லை, மயக்கமும் இல்லை.

கலைச்சொல் என்பது அறிஞர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறி மட்டும் அன்று. மழை தருவோம் என்று எவரேனும் முன்வரும்போது குடிமகன் கேட்க வேண்டிய கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது. எந்தக் கருவைத் தூவப் போகிறீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. வானத்தில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்பதே முதற் கேள்வி. கருவாக்கம் என்னும் சொல்லைப் பொருளறிந்து கற்றவர் இவ்விரண்டையும் முறை மாறாமல் கேட்பார்.